முதல் வெப் ஃபிரேம்வொர்க்: எதை எடுக்கலாம், எப்படி இன்ஸ்டால் பண்ணலாம்

பைத்தானோ பிஎச்பியோ ஏதோ ஒரு லாங்குவேஜ்ல லூப், ஃபங்ஷன் எல்லாம் எழுத வந்துடுச்சு, அடுத்து ஒரு வெப்சைட் பண்ணிப் பாக்கலாம்னு உக்காந்தா முதல்ல வந்து நிக்கிற கேள்வி எந்த ஃபிரேம்வொர்க்குங்கிறதுதான். ஜாங்கோ, பிளாஸ்க், ஃபாஸ்ட்ஏபிஐ, லாரவெல், எக்ஸ்பிரஸ், ஸ்பிரிங் பூட், ரெயில்ஸ்னு பேரு நீண்டுகிட்டே போகும், எதைக் கேட்டாலும் இதுதான் பெஸ்ட்னு சொல்ல ஒருத்தர் இருப்பார். நிறைய பேரு இந்த இடத்துலயே வாரக்கணக்குல சுத்துறாங்க, அப்புறம் ஒருவழியா ஒண்ண முடிவு பண்ணி இன்ஸ்டால் பண்றப்ப செவப்பு எழுத்துல ரெண்டு எரர் வந்ததும் நமக்கு இது செட் ஆகாதுன்னு விட்டுடுறாங்க. இதப் பாக்குறப்ப எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கும். எதை எடுக்குறதுங்கிறத அரை மணி நேரத்துல முடிவு பண்ணிடலாம், மிச்ச நேரத்தை இன்ஸ்டால் பண்றப்ப உள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கக் குடுங்கங்கிறதுதான் நான் சொல்ல வர்றது.

ஒரு உதாரணம் வச்சுப் பேசுவோம். உங்க தெருவுல ஒரு அக்கா டெய்லர் கடை வச்சிருக்காங்க, ஒரு நீள நோட்டுல கஸ்டமர் பேரு, போன் நம்பர், பிளவுஸ் உயரம், தோள், கை நீளம், என்னைக்குத் தரணும், அட்வான்ஸ் எவ்வளவு வாங்கியாச்சுன்னு எல்லாம் எழுதி வச்சிருக்காங்க. இந்த நோட்ட வெப்சைட்டா மாத்தணும், அவ்வளவுதான் நம்ம வேலை.

இதை ஃபிரேம்வொர்க்கே இல்லாம வெறும் பைத்தான்ல பண்ண முடியுமான்னா, முடியும். பிரவுசர்லேர்ந்து ஒரு ரிக்வெஸ்ட் வரும், அது உண்மையில சில வரி டெக்ஸ்ட் மட்டும்தான், அதை நீங்களே படிச்சு எந்தப் பக்கம் கேக்குறாங்கன்னு பிரிக்கணும், ஃபார்ம்ல அனுப்புனது பேரா நம்பரான்னு பாக்கணும், டேட்டாபேஸ்ல போடணும், திரும்ப எச்டிஎம்எல் தயார் பண்ணி அனுப்பணும். இதுவரைக்கும் கூட சமாளிச்சிடலாம். ஆனா அக்கா மட்டும்தான் உள்ள வரணும்னா லாகின் வேணும், பாஸ்வேர்டை அப்படியே சேவ் பண்ணக்கூடாது, திரும்பப் படிக்க முடியாதபடி மாத்தி வைக்கணும் (இதுக்குப் பேரு ஹாஷ்), யாராவது பேரு எழுதுற இடத்துல டேட்டாபேஸ்கிட்ட பேசுற மொழியான எஸ்கியூஎல்ல கட்டளை எழுதி அனுப்புனா டேட்டாபேஸ் தாங்கணும், ஸ்கிரிப்ட் டேக் எழுதி அனுப்புனா அது பேஜ்ல ஓடாம வெறும் எழுத்தாத் தெரியணும், இன்னொரு சைட்லேர்ந்து திருட்டுத்தனமா ஃபார்ம் சப்மிட் ஆனா தடுக்கணும். இந்த வேலையெல்லாம் உலகத்துல எந்த வெப்சைட்டா இருந்தாலும் ஒண்ணுதான், அதனால இதை ஏற்கனவே நல்லா எழுதி, பல வருஷம் பல பேர் சோதிச்சு வச்ச கோடுதான் ஃபிரேம்வொர்க்.

லைப்ரரிக்கும் ஃபிரேம்வொர்க்குக்கும் என்ன வித்தியாசம்னு இன்டர்வியூல கூட கேப்பாங்க. லைப்ரரிய நீங்க கூப்பிடுவீங்க, ஃபிரேம்வொர்க் உங்களைக் கூப்பிடும். அதாவது கணக்குப் போடுற ஒரு லைப்ரரி இருந்தா உங்க புரோகிராம் மேலேர்ந்து கீழ ஓடுறப்ப வேணுங்கிற இடத்துல அதைக் கால் பண்றீங்க, கன்ட்ரோல் உங்ககிட்ட இருக்கு. ஃபிரேம்வொர்க்ல தலைகீழ், நீங்க நாலு ஃபங்ஷன் எழுதி இந்த முகவரிக்கு யாராவது வந்தா இந்த ஃபங்ஷன ஓட்டுன்னு பதிவு மட்டும் பண்ணி வைக்கிறீங்க, எப்ப ஓட்டணும்னு அது முடிவு பண்ணும். புதுசா வர்றவங்களுக்கு ஜாங்கோ ஃபைல்களைத் திறந்ததும் புரோகிராம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலையேன்னு ஒரு தவிப்பு வரும் பாருங்க, காரணம் இதுதான், ஆரம்பம் நம்ம ஃபைல்ல இல்ல, அதுகிட்ட இருக்கு. ரிக்வெஸ்ட் வரும், முகவரியப் பாத்து எந்த ஃபங்ஷன்னு தேடும், அந்த ஃபங்ஷன் டேட்டாபேஸ்ல கேட்டு வாங்கும், டெம்ப்ளேட்ங்கிற காலி அச்சுல ஊத்தி எச்டிஎம்எல் ஆக்கும், ரெஸ்பான்ஸ் போகும். நான் மேல சொன்ன அத்தனை சர்வர் ஃபிரேம்வொர்க்லயும் அடிப்படை இதேதான், அதனாலதான் முதல்ல எதைக் கத்துக்கிட்டாலும் ரெண்டாவது பாதி நேரத்துல வந்துடும்னு தைரியமாச் சொல்றேன்.

இங்க ஒரு குழப்பத்தை மட்டும் தெளிவு பண்ணிடுறேன். ரியாக்ட்டும் ஜாங்கோவும் எது நல்லதுன்னு கேக்குறவங்க நிறைய. ஃபேஸ்புக் 2013ல வெளியிட்ட ரியாக்ட் பிரவுசருக்குள்ள திரையில தெரியறத வரையறதுக்கான லைப்ரரி, அக்காவோட கஸ்டமர் லிஸ்ட்ட எங்க பத்திரமா வைக்கிறதுங்கிற கேள்விக்கு அதுகிட்ட பதில் கிடையாது. ரெண்டும் வேற வேற வேலை, ஒரே சைட்ல ரெண்டையும் சேத்து யூஸ் பண்றவங்களும் இருக்காங்க. ஆரம்பத்துல சர்வர் பக்கத்த மட்டும் எடுங்க, அது எச்டிஎம்எல் அனுப்பட்டும், போதும்.

சரி, எதை எடுக்குறது? உங்களுக்கு ஏற்கனவே எந்த லாங்குவேஜ் வருமோ அதுல இருக்குறதுதான். பிஎச்பி தெரியும்னா லாரவெல், ஜாவா தெரியும்னா ஸ்பிரிங் பூட், ஜாவாஸ்கிரிப்ட்னா எக்ஸ்பிரஸ், ரூபின்னா ரெயில்ஸ். ஃபிரேம்வொர்க்குக்காக புது லாங்குவேஜ் கத்துக்க ஆரம்பிச்சா ஒரு எரர் வந்தா அது லாங்குவேஜ் பிரச்சினையா ஃபிரேம்வொர்க் பிரச்சினையான்னு கண்டுபிடிக்கவே முடியாது, ரெண்டு பக்கமும் அடி விழும். நான் இங்க பைத்தான் பக்கமே நின்னுக்கிறேன், காலேஜ்ல இப்ப நிறைய பேரு அதுலதான் ஆரம்பிக்கிறாங்க.

பைத்தான்ல முக்கியமா ரெண்டு, ஜாங்கோவும் பிளாஸ்க்கும். ஜாங்கோ பொறந்த கதை தெரிஞ்சா அதோட குணம் தானா புரியும். அமெரிக்காவுல கான்சஸ் மாநிலத்துல லாரன்ஸ்னு ஒரு ஊரு, அங்க லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டுன்னு ஒரு பத்திரிகை, அதோட வெப் டீம்ல இருந்த ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003ல இதை எழுத ஆரம்பிச்சாங்க, 2005ல எல்லாரும் யூஸ் பண்ணட்டும்னு வெளிய விட்டாங்க, ஜாங்கோ ரைன்ஹார்ட்ங்கிற கிட்டார் கலைஞரோட பேர வச்சாங்க. பத்திரிகை ஆபீஸ்னா டெட்லைன் துரத்தும், ரிப்போர்ட்டர்களுக்கு கோடிங் தெரியாது, ஆனா அவங்களே உள்ள போய் செய்தி ஏத்தணும். அதனாலதான் ஜாங்கோல அட்மின் பக்கம்னு ஒண்ணு ரெடிமேடா வருது, லாகின், சேர்க்க, திருத்த, அழிக்க, தேட எல்லாம் சேத்து. நம்ம டெய்லர் அக்காவும் கிட்டத்தட்ட அந்த ரிப்போர்ட்டர் இடத்துலதான் இருக்காங்க, அவங்களுக்கு வேண்டியதுல முக்கால்வாசி அந்த அட்மின்லயே முடிஞ்சுடும்.

பிளாஸ்க் 2010ல ஆர்மின் ரோனாகர் வெளியிட்டது, அது நேர் எதிர், முகவரிய ஃபங்ஷனோட இணைக்கிறது, டெம்ப்ளேட், அதுக்கு மேல அதிகம் ஒண்ணும் தராது, டேட்டாபேஸ், லாகின் எல்லாம் நீங்களே தேடிச் சேத்துக்கணும். டவுன்லோட் சைஸ்லயே இது தெரியும், ஜாங்கோ சுமார் 8 எம்பி, பிளாஸ்க் சுமார் 100 கேபி. அஞ்சாறு வரில ஒரு பேஜ் வந்துடும்ங்கிறதால ரிக்வெஸ்ட்னா என்ன ரெஸ்பான்ஸ்னா என்னன்னு கண்ணால பாக்க பிளாஸ்க் அருமையான இடம். என் கருத்து, ஒரு சாயந்திரம் பிளாஸ்க்ல ரெண்டு பேஜ் பண்ணிப் பாத்துட்டு, லாகினும் டேட்டாபேஸும் வேணுங்கிற வேலைக்கு ஜாங்கோவுக்கு வந்துடுங்க. 2018ல வந்த ஃபாஸ்ட்ஏபிஐ நல்லதுதான், ஆனா மொபைல் ஆப்போ வேற புரோகிராமோ பேசுறதுக்கான ஏபிஐ எழுதத்தான் அது பொருந்தும், முதல் வெப்சைட்டுக்கு வேண்டாம்.

இப்ப இன்ஸ்டாலேஷன். கமாண்டை எல்லாம் இங்க தமிழ் எழுத்துல சொல்றேன், டைப் பண்றப்ப இங்கிலீஷ் சின்ன எழுத்துல டைப் பண்ணுங்க. ஜாங்கோ டி (D) எழுத்துல ஆரம்பிக்கும், அந்த டி-ய உச்சரிக்க மாட்டோம் ஆனா எழுதணும். பேக்கேஜ் பேரை எப்பவும் ஒருமுறை சரிபாத்துட்டு என்டர் தட்டுங்க, பைபிஐங்கிற அந்தப் பொதுக் கிடங்குல யார் வேணா பேக்கேஜ் ஏத்தலாம், பிரபலமான பேருல ஒரு எழுத்த மாத்தி வைரஸ் ஏத்தி வைக்கிறவங்களும் இருக்காங்க.

முதல்ல பைத்தானே இருக்கான்னு பாருங்க. விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பைத்தான்னு டைப் பண்ணா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்தா உங்ககிட்ட பைத்தான் இல்லைன்னோ, இருந்தும் பாத்-ல சேரலைன்னோ அர்த்தம். பாத்-ங்கிறது கமாண்ட் டைப் பண்ணா எந்தெந்த ஃபோல்டர்ல போய்த் தேடணும்னு விண்டோஸ் வச்சிருக்கிற ஒரு லிஸ்ட். பைத்தான் இன்ஸ்டாலர் முதல் ஸ்கிரீன்ல கீழ பாத்-ல சேர்க்கவான்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், அவசரத்துல நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு போறவங்க அதை விட்டுடுவாங்க. அப்படி விட்டிருந்தாலும் பி, ஒய்னு ரெண்டே எழுத்து டைப் பண்ணிப் பாருங்க, பெரும்பாலும் பைத்தான் ஓடும். லினக்ஸ்லயும் மேக்லயும் பைத்தான்3னு எண்ணையும் சேத்து டைப் பண்ணணும்.

அடுத்தது வெர்ச்சுவல் என்விரான்மென்ட், டுடோரியல் பாக்குறவங்க பாதிப் பேரு தாண்டிக் குதிக்கிற இடம், ஆனா எனக்கு இதுதான் முழு இன்ஸ்டாலேஷனோட உயிர். உங்க கம்ப்யூட்டர்ல ஒரே பைத்தான் இருக்கு, அதுல நேரா ஜாங்கோ போட்டுட்டீங்க, ஆறு மாசம் கழிச்சு இன்னொரு புராஜெக்ட்டுக்கு வேற வெர்ஷன் ஜாங்கோ வேணும், ஏத்துனா பழைய புராஜெக்ட் உடையும், ஏத்தலைன்னா புதுசு ஓடாது. ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் தனி அலமாரி குடுத்துட்டா சண்டையே இல்ல. அந்த அலமாரிய உருவாக்குற வசதி வென்வ்-ங்கிற பேருல பைத்தான் 3.3லேர்ந்து கூடவே வருது, எழுத்து வி, இ, என், வி. புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள போய் பைத்தான், ஸ்பேஸ், ஹைஃபன் எம், ஸ்பேஸ், வென்வ், ஸ்பேஸ், கடைசில உங்களுக்குப் புடிச்ச ஒரு ஃபோல்டர் பேரு. உபுண்டுல இதுக்கு பைத்தான்3 ஹைஃபன் வென்வ்-ங்கிற பேக்கேஜ உபுண்டுவோட இன்ஸ்டால் கமாண்டான ஆப்ட் மூலமா முதல்ல போடச் சொல்லி எரர் வரலாம், அது சொல்றதை அப்படியே செஞ்சாப் போதும்.

புது உபுண்டு, டெபியன்ல வென்வ் இல்லாம நேரா பிப் இன்ஸ்டால் (பிப்-ங்கிறது பேக்கேஜ இறக்கிப் போடுற பைத்தான் டூல்) அடிச்சா இந்தப் பைத்தான வெளிய இருந்து நிர்வாகம் பண்றாங்க, இங்க போட முடியாதுன்னு ஒரு எரர் வரும். அதுல கீழேயே சிஸ்டத்தை உடைச்சாலும் பரவால்லைன்னு ஒரு ஆப்ஷன் காட்டியிருக்கும், தேடிப் பாத்தாலும் அதையே சொல்லுவாங்க, தயவுசெஞ்சு அதைப் போடாதீங்க. அந்தச் சிஸ்டத்தோட சில டூல்களே பைத்தான்லதான் ஓடுது, அதுக்குத் தேவையான பேக்கேஜ் மேல நீங்க வேற வெர்ஷன் வச்சா கம்ப்யூட்டரே கோளாறாகலாம்.

அலமாரிய உருவாக்குனாப் போதாது, ஆக்டிவேட் பண்ணணும். விண்டோஸ்ல அந்த ஃபோல்டருக்குள்ள ஸ்கிரிப்ட்ஸ், அதுக்குள்ள ஆக்டிவேட். லினக்ஸ், மேக்ல சோர்ஸ்னு போட்டு ஒரு ஸ்பேஸ் விட்டு அந்த ஃபோல்டர், பின், ஆக்டிவேட். பவர்ஷெல்ல இது பண்றப்ப இந்த சிஸ்டத்துல ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லைன்னு செவப்பா வந்தா பயப்படாதீங்க, பவர்ஷெல்ல மூடிட்டு சாதா கமாண்ட் பிராம்ப்ட்ல பண்ணுங்க, வேலை முடிஞ்சுது. ஆக்டிவேட் ஆச்சுன்னா வரிக்கு முன்னாடி அடைப்புக்குள்ள அந்த ஃபோல்டர் பேரு தெரியும். இந்த அடைப்பப் பாக்குற பழக்கத்த மட்டும் கையோட வளத்துக்கோங்க, நேத்து ஓடுச்சு இன்னைக்கு ஜாங்கோன்னு ஒரு மாட்யூலே இல்லைங்குதுன்னு வர்ற புலம்பல்ல பெரும்பாலானதுக்குக் காரணம் புது டெர்மினல் திறந்து ஆக்டிவேட் பண்ண மறந்ததுதான். விஎஸ் கோட்ல மட்டும் மஞ்சளா அடிக்கோடு வந்தா கீழ வலது மூலையில எந்தப் பைத்தான்னு செலக்ட் பண்ற இடத்துல இந்த ஃபோல்டர்ல இருக்குற பைத்தானக் குடுங்க.

இப்பதான் பைத்தான் ஹைஃபன் எம் பிப் இன்ஸ்டால் ஜாங்கோ. வெறும் பிப்-னு போடாம முன்னாடி பைத்தான் ஹைஃபன் எம் சேக்கச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, கம்ப்யூட்டர்ல ரெண்டு மூணு பைத்தான் இருந்தா வெறும் பிப் எந்தப் பைத்தானோடதுன்னு தெரியாது, இப்படிப் போட்டா எந்தப் பைத்தானக் கூப்பிடுறீங்களோ அதோட பிப்தான் ஓடும். ஓடுறப்ப ஸ்கிரீனக் கொஞ்சம் படிங்க, ஜாங்கோவோட ஏஎஸ்ஜிஐரெஃப், எஸ்கியூஎல்பார்ஸ்னு நீங்க கேக்காத பேரும் இறங்கும். அது ஜாங்கோவுக்குத் தேவையான சின்ன லைப்ரரிகள், பிப் தானாத் தேடிப் போட்டுக்கும்.

எந்த வெர்ஷன்னு யோசிச்சா, நீண்டகால ஆதரவு உள்ளத எடுங்க. ஜாங்கோ 5.2 அப்படிப்பட்டது, 2025 ஏப்ரல்ல வந்துச்சு, 2028 ஏப்ரல் வரைக்கும் பாதுகாப்புத் திருத்தம் வரும், பைத்தான் 3.10 இல்லைன்னா அதுக்கு மேல வேணும். இதைவிட முக்கியம் நீங்க பாக்குற டுடோரியலோட வெர்ஷன். பழைய வீடியோவுல முகவரி எழுத யூஆர்எல்-னு ஒரு ஃபங்ஷன இம்போர்ட் பண்ணச் சொல்லுவாங்க, அதை ஜாங்கோ 4.0ல எடுத்தே விட்டாங்க, இப்ப அதுக்குப் பதிலா பாத்-னு இன்னொரு ஃபங்ஷன், மேல சொன்ன விண்டோஸ் பாத் வேற. வீடியோல இருக்குற மாதிரியே எழுத்துப் பிசகாம எழுதி எரர் வந்தா தப்பு உங்க மேல இல்ல, வீடியோ பழசு. ஜாங்கோவோட சொந்த டாக்குமென்டேஷன்லயே ஏழெட்டுப் பகுதியா ஒரு டுடோரியல் இருக்கு, பக்கத்தோட கீழ வலது மூலையில வெர்ஷன் மாத்திக்கலாம், அதைவிட நம்பகமானது எனக்குத் தெரிஞ்சு இல்ல. இங்கிலீஷ் கஷ்டமா இருந்தா ஜாங்கோ கேர்ள்ஸ் டுடோரியல் இன்னும் எளிமையான நடையில இருக்கு.

பிறகு ஜாங்கோ ஹைஃபன் அட்மின் ஸ்டார்ட்புராஜெக்ட், ஸ்பேஸ், பேரு, ஸ்பேஸ், ஒரு புள்ளி. அந்தப் புள்ளிய விட்டா ஒரே பேருல ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் வந்து எதுல நிக்கிறோம்னு குழம்பும், புள்ளி போட்டா இந்த ஃபோல்டர்லயே வைன்னு அர்த்தம். பேருக்கு டெஸ்ட், ஜாங்கோன்னு வைக்காதீங்க, பைத்தானும் ஜாங்கோவும் ஏற்கனவே வச்சிருக்கிற பேரோட மோதும். பிளாஸ்க்லயும் இதே கதைதான், உங்க ஃபைலுக்கு பிளாஸ்க் டாட் பிஒய்னு பேர் வச்சா இம்போர்ட் பிளாஸ்க்னு எழுதுறப்ப அது உங்க ஃபைலையே போய் எடுத்துக்கும்.

அந்தக் கமாண்ட் உருவாக்குன மேனேஜ் டாட் பிஒய் மூலமா, உங்க கம்ப்யூட்டர்லயே சைட்ட ஓட்டிப் பாக்குற ரன்சர்வர் ஓட்டுனா 18 மைக்ரேஷன் பாக்கி இருக்குன்னு செவப்பா வரும், அது எரர் இல்ல. ஜாங்கோ கூடவே வர்ற லாகின், அட்மின், செஷன் எல்லாத்துக்கும் டேட்டாபேஸ்ல டேபிள் இன்னும் உருவாக்கலைன்னு சொல்லுது. நிறுத்திட்டு மைக்ரேட் கமாண்ட் குடுத்தீங்கன்னா எஸ்கியூலைட்ங்கிற ஒரே ஃபைல் டேட்டாபேஸுக்குள்ள டேபிள்கள் வந்துடும், தனியா டேட்டாபேஸ் சர்வர் எதுவும் போட வேண்டியதில்ல. திரும்ப ரன்சர்வர், பிரவுசர்ல 127.0.0.1, முக்காற்புள்ளி, 8000. ராக்கெட் படம் வந்துச்சுன்னா இன்ஸ்டாலேஷன் முடிஞ்சது. அந்த முகவரி உங்க கம்ப்யூட்டரையே குறிக்கிறது, அதனால லிங்க்க ஃபிரண்டுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனா அவங்களுக்குத் திறக்காது. பிளாஸ்க்னா 8000க்குப் பதிலா 5000, இந்த எண்ணுக்குப் போர்ட்னு பேரு, புது மேக்ல அந்தப் போர்ட்ட ஏர்பிளே ரிசீவர் எடுத்து வச்சிருக்கும், வேற நம்பர் குடுத்துக்கோங்க.

அட்மினுக்குள்ள போக கிரியேட்சூப்பர்யூசர்னு ஒரு கமாண்ட். பாஸ்வேர்ட் டைப் பண்றப்ப ஸ்கிரீன்ல புள்ளி கூட வராது, கீபோர்டு வேலை செய்யலையோன்னு தோணும், வேலை செய்யுது, டைப் பண்ணி என்டர் தட்டுங்க. அப்புறம் ஸ்டார்ட்ஆப் குடுத்து ஒரு ஆப் (புராஜெக்ட்டுக்குள்ள ஒரு பகுதி, மொபைல் ஆப் இல்ல) உருவாக்கி மாடல்ஸ் ஃபைல்ல கஸ்டமர்னு ஒரு கிளாஸ், அதுல பேரு, போன், தோள் அளவு, கை நீளம், தர வேண்டிய தேதின்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி. செட்டிங்ஸ்ல இன்ஸ்டால்ட் ஆப்ஸ் லிஸ்ட்ல அந்த ஆப் பேரைச் சேக்கணும், சேக்காம மேக்மைக்ரேஷன்ஸ் ஓட்டுனா மாற்றம் எதுவும் இல்லைன்னு சொல்லிடும். சேத்து ஓட்டி, மைக்ரேட் பண்ணி, அட்மின் ஃபைல்ல அந்தக் கிளாஸ ரிஜிஸ்டர் பண்ணா அக்காவோட நோட்டு ஸ்கிரீன்ல நிக்கும். போன் நம்பரை மட்டும் எண் ஃபீல்டா வைக்காதீங்க, முன்னாடி பூஜ்யம் இருந்தா போயிடும், எழுத்து ஃபீல்டா வைங்க.

தமிழ்ல பண்றவங்களுக்கு ரெண்டு விஷயம். செட்டிங்ஸ்ல லாங்குவேஜ் கோட்ல தமிழுக்கான ரெண்டு எழுத்த (ta) வச்சு மாத்துனா அட்மின்ல மொழிபெயர்த்து வச்சிருக்கிற வார்த்தை எல்லாம் தமிழ்ல வரும், மிச்சம் இங்கிலீஷ்ல நிக்கும், டைம் ஸோன்ல ஏசியா, சாய்கோடு, கொல்கத்தா குடுத்துடுங்க, இலங்கைல இருக்கீங்கன்னா கொழும்பு. இன்னொண்ணு, தலைப்பிலேர்ந்து பேஜ் முகவரி தயாரிக்கிற ஸ்லக்கிஃபைங்கிற ஃபங்ஷன தமிழுக்கு நம்பாதீங்க. யூனிகோட, அதாவது இங்கிலீஷ் அல்லாத எழுத்தையும், அனுமதின்னு சொல்லிக் குடுத்தாலும் பைத்தான் நம்ம புள்ளியையும் கொம்பையும் எழுத்தாக் கணக்குல எடுக்காது, தமிழ்-னு குடுத்தா தமழ-ன்னு திருப்பித் தரும். முகவரில வரிசை எண்ணே போட்டுக்கோங்க.

இதை அக்கா கம்ப்யூட்டர்ல ஓட்டணும்னா வென்வ் ஃபோல்டர பென் டிரைவ்ல காப்பி பண்ணாதீங்க, அதுக்குள்ள உங்க கம்ப்யூட்டர்ல அது இருக்குற முழு ஃபோல்டர் முகவரி எழுதியிருக்கும், இடம் மாறுனா உடையும். பிப் ஃபிரீஸ் குடுத்து வர்ற லிஸ்ட்ட ரிக்வயர்மென்ட்ஸ்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல சேவ் பண்ணி அதை மட்டும் கோடோட எடுத்துட்டுப் போங்க, அங்க புதுசா வென்வ் உருவாக்கி, பிப் இன்ஸ்டால் ஹைஃபன் ஆர் போட்டு அந்த ஃபைல் பேரக் குடுத்தா அதே வெர்ஷன்கள் அங்கயும் இறங்கும். கோட நெட்ல வச்சுக்கிற கிட்ஹப்ல ஏத்துறதா இருந்தா செட்டிங்ஸ்ல இருக்குற சீக்ரெட் கீய வெளிய எடுத்து வச்சுட்டு ஏத்துங்க, எஸ்கியூலைட் ஃபைலையும் ஏத்தாதீங்க, அதுல அக்காவோட கஸ்டமர் எல்லாரோட போன் நம்பரும் இருக்கு. நெட்ல எல்லாரும் பாக்குற மாதிரி வைக்கிற நாள்ல செட்டிங்ஸ்ல இருக்குற டீபக்-அ ஃபால்ஸ் ஆக்கணும், இல்லைன்னா ஒரு எரர் வந்தாலே உங்க கோடும் செட்டிங்ஸும் பாக்குறவங்களுக்குத் தெரியும். ரன்சர்வர் அந்த வேலைக்கு எழுதுனது இல்லைன்னு ஜாங்கோ டாக்குமென்டேஷனே சொல்லுது, அங்க குனிகார்ன் மாதிரி வேற சர்வர் வேணும்.